சேதுபதியோட டைம்லைனும் நேசமணியோட சுத்தியலும்

"அண்ணே, உங்களுக்கு எதுதாண்ணே புடிக்கும்? முகநூல்ல ஒரு நா சிலோன் மனோகர் பாட்டு போடுறீக, ஒரு நா ஹனிபா, மறுநா வடிவேலு மீம். ஒரு நெலையில நில்லுங்கண்ணே."

போன வாரம் டிஸ்ப்ளே மாத்த வந்த தம்பி கேட்டது. பாம்பன்ல செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். உப்புத்தண்ணி குடிச்ச போனுங்கதான் நமக்குச் சோறு. அவன்ட்ட சிரிச்சு அனுப்பிட்டேன், ஆனா கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்துருச்சு. நீளமா எழுதப்போறேன். பொறுமை இல்லாதவுக லைக்கைப் போட்டுட்டு நகந்துக்கலாம்.

சின்ன வயசுல எங்க வீட்டு ரேடியோவுல மெட்ராசை விட கொழும்பு வானொலிதான் தெளிவாக் கேக்கும். அம்மாச்சி மீன் அரிஞ்சுக்கிட்டே 'பொங்கும் பூம்புனல்' கேக்கும். அறிவிப்பாளர் அப்துல் ஹமீது பேசுறதைக் கேட்டுத்தான் எனக்கு ழகரமே நாக்குல உக்காந்துச்சு, பள்ளிக்கூடத்துல இல்ல. ஆனா அம்மாச்சிக்குப் பாட்டை விட முக்கியம் மரண அறிவித்தல். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" அப்படின்னு ஆரம்பிச்சா, கத்தியைக் கீழ வச்சிரும். முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கெல்லாம் 'உச்' கொட்டும். 1964 புயலுக்கு முன்னால தனுஷ்கோடியில கப்பலேறி தலைமன்னார் போய் வந்த சனம். அங்க யாராச்சும் சொந்தக்காரவுக பேரு வந்துருமோன்னு ஒரு பதைப்பு. அது முடிஞ்ச கொஞ்ச நேரத்துல ஒரு பைலா பாட்டு வரும், சிலோன்காரவுக துள்ளல் பாட்டு. அம்மாச்சி கத்தியை எடுக்கும், காலு தாளம் போடும்.

அழுகைக்கும் ஆட்டத்துக்கும் நடுவுல பத்து நிமிசங்கூடக் கிடையாது. ஒரு நெலையில நிக்கணும்னு யாரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?

வெளிய வந்தா குழாய் ஸ்பீக்கரு. மாதா கோயில் கொடியேத்தம்னா பத்து நாளைக்கு மாதா பாட்டு. தர்காவுல கந்தூரி விழான்னா ஹனிபா பாட்டு. பேருக்கு முன்னால நாகூர் இருந்தாலும் அந்த மனுசன் பொறந்தது நம்ம ராமநாதபுரத்துல. மாரியம்மனுக்குக் காப்பு கட்டிட்டா எல்.ஆர்.ஈஸ்வரி. எதையும் நாங்க தேடிப் போகல, வேண்டாம்னு சொல்லவும் வழி இல்ல. பரீட்சைக்கு முந்தின நாள் அந்த ஸ்பீக்கரை நான் திட்டாத திட்டு இல்ல. இன்னைக்கு அந்தப் பாட்டெல்லாம் வரி மாறாம வாயில வருது. படிச்ச அல்ஜீப்ராதான் வரல.

சினிமாவும் அப்படித்தான். திருவிழாவுல மணல்ல திரை கட்டி 16 எம்.எம். படம் ஓட்டுவாக. முன்னால எடம் இருக்காது, பொடியங்க நாங்க திரைக்குப் பின்னால போய் உக்காந்துக்குவோம். எழுத்தெல்லாம் திருப்பிப் போட்ட சட்டை மாதிரி தெரியும். எம்.ஜி.ஆர். இடது கையால வாள் சுத்துவாரு. ரொம்ப நாள் கழிச்சு டிவியில பாத்தப்ப அவரு வலது கையால சுத்துனாரு. எனக்கு என்னமோ டூப்பு போட்ட மாதிரி இருந்துச்சு. இப்பவும் அந்த இடதுகை எம்.ஜி.ஆர்.தான் எனக்கு ஒரிஜினல்.

இப்ப போன்ல பாட்டு கேட்டா, நேத்து கேட்டது மாதிரியே இன்னைக்கும் நாலு எடுத்து நீட்டுது. நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா புடிச்சதையே ஊட்டிக்கிட்டிருந்தா புடிக்காதது எப்பத்தான் புடிக்கும்? எனக்கு ஹனிபா குரல் புடிக்க ஆறேழு கந்தூரி ஆச்சு.

அந்தத் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். ராமநாதபுரம் அரண்மனைக்குள்ள ராமலிங்க விலாசம் இருக்கு, போய்ப் பாரு. சுமார் 300 வருசத்துக்கு முந்தின சுவரோவியம். பள்ளிக்கூடத்துல டூர் கூட்டிட்டுப் போனப்ப வவ்வால் வாடைதான் ஞாபகம் நின்னுச்சு. போன வருசம் திரும்பப் போனேன். தஞ்சாவூர் மராட்டியரோட நம்ம ராமநாதபுரம் ராசா சேதுபதி போடுற சண்டை இருக்கு. ஐரோப்பாக்காரங்களை அவரு வரவேற்குறது இருக்கு. அந்தப்புரத்துல பொண்ணுங்களோட பொழுதைப் போக்குறது இருக்கு. ராமாயணமும் இருக்கு. வரிசை வரிசையா, ஒரே கட்டடத்துல. எனக்கு அது அச்சு அசல் முகநூல் டைம்லைனாத்தான் தெரிஞ்சுச்சு: அரசியல், விருந்தாளியோட போட்டோ, பர்சனல், வெள்ளிக்கிழமை பக்திப் பதிவு. சேதுபதிட்டப் போயி ஒரே சப்ஜெக்ட்டா வரையச் சொல்லுங்கன்னு யாராச்சும் கேட்டிருப்பாகளா?

மீம் குப்பைங்குற கோஷ்டிக்கும் இதுதான் பதில். 2019 மே மாசக் கடைசி ஞாபகம் இருக்கா? ஒரு இன்ஜினியரிங் முகநூல் பக்கத்துல சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேட்டாக. நம்மாளு ஒருத்தர் 'சுத்தியல்'னு சொன்னதோட நிக்காம, இது விழுந்துதான் பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைஞ்சுச்சுன்னு எடுத்துவிட்டாரு. உலகமே அவருக்காகப் பிரார்த்தனை பண்ணுச்சு. வடிவேலு நேசமணியா நடிச்ச 'ப்ரண்ட்ஸ்' படம் வந்தது 2001-ல. அன்னைக்கு விழுந்த சுத்தியல் 18 வருசம் கழிச்சு வலிச்சிருக்கு. ஒரு ஊரே ஒரு காட்சியை மனசுல பத்திரமா வச்சிருந்தாத்தான் அப்படி ஒரு சிரிப்பு வரும். அதைக் கலைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

சிரிப்புன்னதும் ஒண்ணு. எங்க தெருவுல ஒரு துஷ்டி வீடு. ஒப்பாரி ஓஞ்சு எல்லாரும் கம்முன்னு இருக்கையில, திடீர்னு ஒரு ஆம்பள கதறி அழுகுற சத்தம். தூரத்துச் சொந்தம் வந்துட்டாகன்னு பொம்பளைங்க எந்திரிச்சே நின்னுட்டாக. பாத்தா எங்க மச்சானோட ரிங்டோன், வடிவேலு அழுகுறாரு. மச்சான் பைக்குள்ள கையை விட்டுத் துழாவுறாரு, போன் சிக்கல. முதல்ல சிரிச்சது செத்தவரோட சம்சாரம்.

இந்த மீன்பிடித் தடைக்காலத்துல இன்னொரு கூத்து. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் சும்மாதானே கெடக்கும், பெயிண்டுக்கு அதான் சீசன். எங்க தெருப் பய ஒருத்தன் அவுக அப்பா போட்டுல வேளாங்கண்ணி மாதாவுக்குப் பக்கத்துலயே ஒரு சுத்தியலை வரைஞ்சுட்டான். மறுநாள் காலையில அவுக அப்பா பாத்துட்டு ஒரே சத்தம்.

"மாதா பக்கத்துல எதுக்குலே சுத்தியலு?"

"மாதா வீட்டுக்காரரு சூசையப்பர் தச்சருதானப்பா. அவுக சுத்தியல்."

மனுசன் ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. சுத்தியலுக்கு எதுக்குப் பச்சை அடிச்ச, கைப்பிடின்னா மரக் கலரு அடிக்கணும்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு.