டால்பின்களுக்கு "மனிதர்" அந்தஸ்தை இந்தியா வழங்கிவிட்டதா?

"டால்பின்களை மனிதரல்லாத நபர்களாக இந்தியா சட்டப்படி அறிவித்துவிட்டது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. மனிதரல்லாத நபர் என்றால், மனிதராக இல்லாவிட்டாலும் ஒரு நபரைப் போலத் தனக்கென உரிமைகள் கொண்ட உயிர். அப்படி ஒரு சட்டம் கிடையாது. நாடாளுமன்றம் இயற்றவில்லை, அரசிதழிலும் வெளியாகவில்லை.

நடந்தது இதுதான். 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின் காட்சியகம் அமைக்கும் திட்டங்களை நிராகரியுங்கள் என்பதே அதன் சாரம். டால்பின்களின் அறிவுத்திறனைக் கருதி அவற்றை மனிதரல்லாத நபர்களாகப் பார்க்க வேண்டும் என விஞ்ஞானிகள் சிலர் கூறுவதை அது காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. அந்த ஒரு வரியைத்தான் செய்தியைப் பரப்புபவர்கள் சட்டம் என்று திரித்துவிட்டார்கள். சுற்றறிக்கையை முழுவதும் படித்தால் இது விளங்கும்.

அறிவிப்பு பொய் என்பதற்காக அக்கறையும் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். 1998இல் சென்னையை அடுத்த ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே மடிந்தன. ஒலியெழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு வழியறியும் உயிர் அது. கடலில் ஒரே நாளில் பல கிலோமீட்டர் நீந்தும். நான்கு கான்கிரீட் சுவர்களுக்குள் அதைச் சுற்றவிட்டுக் கைதட்டுவது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். அதைச் சொல்ல இல்லாத சட்டம் எதற்கு?

நம் நாட்டில் உண்மையாகவே இருக்கும் பாதுகாப்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் விலங்குகளைப் பட்டியலிடும் அதன் முதல் அட்டவணையில் கங்கை டால்பின் உள்ளது; அதுவே நம் தேசிய நீர்வாழ் விலங்கும்கூட.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.