கொழுந்துக்குப் பொங்கல் இல்லையா, டீச்சர்?

தைப்பொங்கல் என்பது நெல் விளைந்ததற்காகச் சூரியனுக்கு நன்றி சொல்கிற விழா என்று நான் சொல்லி முடித்தபோது, தரம் மூன்றில் படிக்கும் ஒரு சிறுமி எழுந்து நின்று, "அப்படியென்றால் கொழுந்துக்குப் பொங்கல் இல்லையா, டீச்சர்?" என்று கேட்டாள். பதினேழு ஆண்டுகளாக இதே பாடத்தை இதே வாக்கியங்களில் சொல்லிவந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அவளுடைய அம்மா அந்த நேரத்தில் பாடசாலைக்கு மேலே உள்ள மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவள் வாழ்க்கையில் ஒரு வயலையும் பார்த்ததில்லை. அவளிடம் நான் நெல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை வகுப்பில் ஒப்புக்கொண்டு, எல்லோரும் வீட்டில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் அவர்கள் கொண்டுவந்த பதில்களை நான் கரும்பலகையில் எழுதிய விதத்தில்தான் அந்த ஆண்டின் எங்கள் பொங்கல் தொடங்கியது. கொழுந்துக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை, ஏறத்தாழ ஏழு நாளைக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிப் போகிறோம் என்று ஒரு தாய் சொல்லி அனுப்பியிருந்தார். மழைக்குப் பின் கொழுந்து கூடும், தை மாசியில் வெயிலும் பனியும் சேர்ந்தால் குறையும் என்று இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலைக்கு மட்டும்தான் சில மாதம் ஓய்வு என்று ஓர் அப்பாயி சொன்னதை அவருடைய பேரன் அப்படியே ஒப்பித்தான். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ விளைகிற பயிருக்கு விழா இருக்கிறது. எந்நாளும் விளைகிற பயிருக்கு எந்த நாளில் விழா எடுப்பது? எட்டு வயதுப் பிள்ளைகள் இந்த இடத்துக்குத் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். நான் செய்ததெல்லாம் கேள்வியை அடக்காமல் விட்டது மட்டுமே.

பாடசாலை விழாக்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனவருத்தம் உண்டு. அதை இன்று வெளிப்படையாக எழுத விரும்புகிறேன். முன்பு நான் கற்பித்த ஒரு பாடசாலையில், பொங்கல் விழாவுக்காகத் தரம் இரண்டுப் பிள்ளைகளுக்கு நடன உடை வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டினார்கள். பிரதம விருந்தினர் வரும்வரை மெல்லிய பட்டுத் துணியோடு அந்தக் குளிரில் பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். பின்னர் ஒலிபெருக்கியில் ஓடிய ஒரு பாடலுக்கு நான்கு நிமிடம் ஆடினார்கள். மறுநாள் அவர்களில் ஒருத்தியிடம் நேற்றைய பாடல் எதைப் பற்றியது என்று கேட்டேன். நெற்றிச்சுட்டி இறுக்கிப் பிடித்து வலித்தது என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அந்த விழாவில் அவள் அலங்காரப் பொருளாக இருந்தாள். அந்த உடைக்குப் பிள்ளைகளை அளவெடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால், இதை யார் மீதும் பழி சுமத்தி எழுதவில்லை.

ஆரம்பப் பிரிவில் விழா நாளை விட அதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களே பெறுமதியானவை என்று நான் நம்புகிறேன். எண்ணுதல், அளத்தல், விசாரித்தல், எழுதுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த வாரங்களில் ஓர் உண்மையான காரணம் கிடைக்கிறது. கணிதப் பயிற்சிக் கொப்பியில் ஆறால் வகுக்கச் சொன்னால் பிள்ளை எனக்காக வகுக்கிறது. பானையில் போடும் அரிசி எல்லோருக்கும் போதுமா என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் தனக்காக வகுக்கிறது. நோக்கமுள்ள கற்றல் என்று பயிற்சிப் பட்டறைகளில் நாம் கேட்டுவரும் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இவ்வளவுதான்.

இது பாடத்திட்டத்துக்கு வெளியே நின்று சொல்லும் புதிய கருத்தும் அல்ல. 1999இல் இலங்கை முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் இணைத்தே பிள்ளைக்குக் கற்பிக்கச் சொல்கிறது. தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கு முதலிடம் தருகிறது. சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடத்தில் பண்டிகைகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் நாம் அதைப் படம் ஒட்டி வர்ணம் தீட்டும் வேலையாகச் சுருக்கிவிட்டோம்.

பொங்கலுக்குத் திரும்புகிறேன். எங்கள் பாடசாலையில் விழாவைத் தை மாதத்தின் பிற்பகுதியில் வைத்துக்கொள்வோம் என்பதால் போதிய நாட்கள் கிடைத்தன. முதலில் ஒரு சிறு பானையில் ஒரு சுண்டு, அதாவது ஒரு சிறு அளவுக் கோப்பை, பச்சையரிசியைப் பயறும் சர்க்கரையும் சேர்த்துப் பொங்கிப் பார்த்தோம். வாழையிலைத் துண்டுகளில் பகிர்ந்தபோது அது ஆறு பிள்ளைகளுக்குப் போதுமாக இருந்தது. பாடசாலையில் மாணவரும் ஆசிரியரும் உதவிக்கு வரும் பெற்றோருமாக 198 பேர். பிள்ளைகள் தரையில் தேயிலை விதைகளை ஆறு ஆறாகக் குவித்து, நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 33 சுண்டு என்று வந்து நின்றார்கள். இரண்டு பேர் 32 என்றார்கள். அவர்களோடு நான் வாதிடவில்லை. மற்றப் பிள்ளைகளே அவர்களுடைய குவியல்களை மறுபடி எண்ணிக் காட்டினார்கள். அதன்பின் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தரம் மூன்றில் கடிதம் எழுதுவது ஒரு தேர்ச்சி. ஆனால் உண்மையில் ஒருவர் பிரித்து வாசித்துப் பதில் அனுப்பிய கடிதத்தை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் எழுதியிருக்கவில்லை. சுண்டுக் கணக்கைக் கிலோவாக மாற்றித் தருமாறு அவர் கேட்டிருந்தார். அது இன்னொரு நாள் வேலையாயிற்று.

கடையிலிருந்த அரிசி மூட்டைகளில் அச்சிடப்பட்ட ஊர்ப் பெயர்களைப் பார்த்து வரச் சொன்னபோது பொலன்னறுவை, அம்பாறை என்று எழுதி வந்தார்கள். வரைபடத்தில் அந்த ஊர்களைத் தேடினோம். குளங்களை நம்பி விளையும் அந்தச் சமவெளிக்கும் நம் மலைகளுக்கும் இடையில் என்ன தொடர்பு என்று பேசும்போதுதான், நம் மலைகளில் பிறக்கும் மகாவலி கீழே இறங்கிப் போய்ப் பொலன்னறுவை வயல்களுக்கும் நீராகிறது என்பதைச் சொல்ல எனக்கு வாய்த்தது. நெல் இங்கே விளையாவிட்டாலும் அந்த நெல்லுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது என்று அறிந்த பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு பையன், கொழும்பில் வேலை செய்யும் தன் சித்தி அங்கே சோறு சீக்கிரம் வெந்துவிடுகிறது என்று சொன்னதாகவும் அது உண்மையா என்றும் கேட்டான். உண்மைதான். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதிநீரின் சூடு குறைவாக இருப்பதால் அரிசி வேக நேரம் எடுக்கிறது. காற்றழுத்தத்தை எட்டு வயதுக்கு விளக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் தன் வீட்டு அடுப்படிக்கும் உலகத்துக்கும் இடையில் ஒரு விதி இருக்கிறது என்று அவன் அறிந்துகொண்டான்.

மாசி மாதத்தைப் பற்றி எழுதாமல் மலையகத்து விழாவைப் பற்றி எழுத முடியாது. 1823 தொடக்கம் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தங்களோடு கொண்டுவந்தவற்றுள் காமன் கூத்து ஒன்று. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பத்தை நட்டு, தப்பு என்ற பறை ஒலிக்க, ரதியும் காமனாகிய மதனும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஆடிவர, பௌர்ணமியை ஒட்டிய நாளில் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவது வரை ஊரே விழித்திருக்கும். எமனும் வீரபத்திரனும் வரும் இரவில் எங்கள் பிள்ளைகள் யாரும் உறங்குவதில்லை. மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவார்கள். முன்பெல்லாம் நான் அதற்காகக் கடிந்துகொண்டேன், அவர்களுக்கு மிகவும் தெரிந்த ஒன்றைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு.

இப்போது காமன் நடும் நாளில் ஒவ்வொருவரும் கொப்பியில் பெட்டிகளைக் கீறிக்கொண்டு, அன்று தொடக்கம் பௌர்ணமி வரை இரவுதோறும் நிலவை வரைந்து வருகிறார்கள். பௌர்ணமி நாள் போயா என்ற பொது விடுமுறையாக இருப்பதால் முடிவு நாள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இடையில் நிலவு என்ன செய்கிறது என்பதுதான் தெரியாதிருந்தது. எல்லா இரவும் எங்கள் மலைகளில் நிலவு தெரிவதில்லை. முதல் ஆண்டில் பலர் தெரியாத இரவுகளுக்கும் ஒரு நிலவை ஊகித்து வரைந்துவிட்டார்கள். ஒரே ஒரு பையன் மூன்று பெட்டிகளில் "மூடுபனி, நிலா தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். அந்தக் கொப்பியை நான் வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். கண்டதை மட்டும் எழுதுவது என்ற பழக்கத்தை இதைவிட எளிதாகக் கற்பிக்க எனக்கு வேறு வழி தெரியாது. அடுத்த ஆண்டு பெட்டிகளில் மூடுபனி நிறைய இருந்தது. தப்பு அடிப்பவரை வகுப்புக்கு அழைத்து வந்து தாளங்களைக் கைதட்டி எண்ணியதும் அதே மாதத்தில்தான். தப்பு அடிப்பவரைப் பாடசாலையில் நாற்காலி போட்டு அமரவைத்ததைச் சிலர் விரும்பவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். அவர் மீண்டும் வருவார்.

மதத்தைப் பற்றிய தயக்கம் நியாயமானது. எங்கள் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளையையும் தன் வீட்டில் இல்லாத வழிபாட்டில் நிற்கவைக்கக் கூடாது. ஆனால் அளப்பதிலும் விசாரிப்பதிலும் கட்டுவதிலும் எல்லோரும் நிற்கலாம். பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கான விளக்குக் கூடு கட்டிய அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். மூங்கில் குச்சிகளால் ஒரே அளவில் ஆறு சதுரங்களைக் கட்டி, அவற்றை மூலையோடு மூலை சேர்த்துக் கட்டினால், நாம் கட்டாமலேயே எட்டு முக்கோணங்கள் அவற்றின் இடையில் உருவாகிவிடுகின்றன. இருபத்துநான்கு குச்சிகள்தாம். முக்கோணங்களை யார் செய்தது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை நான் மறக்கமாட்டேன். அந்தக் கூட்டை அயல் சிங்களப் பாடசாலையின் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சென்றபோது, எங்கள் பிள்ளைகள் ஒரு வாரமாகப் பயின்ற நான்கு சிங்கள வாக்கியங்களும் முதன்முறையாகக் காரியத்துக்கு உதவின.

தீபாவளியில் நான் இன்னும் தடுமாறுகிறேன். தோட்டத்தில் தீபாவளி என்றாலே முற்பணம். பண்டிகைக்குமுன் கையில் கிடைத்து, பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் கழியும் கடன் அது. தரம் ஐந்தில் கழித்தலும் வகுத்தலும் கற்பிக்க அதைவிட உண்மையான கணக்கு இங்கே இல்லை. ஆயினும் ஒரு பிள்ளை தன் வீட்டுக் கடனை வகுப்பின் முன் சொல்லும் நிலையை உருவாக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே யாருடையதும் அல்லாத ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து, புத்தாடையும் பலகாரமும் பட்டாசும் எவ்வளவாகும், மாதம் எவ்வளவு கழியும் என்று பார்த்தோம். பட்டாசுக்கான தொகையைக் குறைப்பதா, தாத்தாவின் வேட்டியைக் குறைப்பதா என்று பிள்ளைகள் பேசியதைக் கேட்டபோது, அவர்கள் வீட்டில் நடப்பவற்றை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைத் தொடர்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பாடசாலை விழா என்ற பெயரால் அந்தக் கடனோடு இன்னொரு செலவைச் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நேரம் போதாது என்று பெற்றோர் அஞ்சுவதை நான் குறை சொல்லமாட்டேன். லயத்திலிருந்து வெளியேறும் கதவாக அந்தப் பரீட்சையைப் பார்க்கும் தாய்க்கு அந்த அச்சம் இருக்கவே செய்யும். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: அரிசிக்கும் குச்சிக்கும் நிலவுக்கும் செலவிட்ட நேரம் கணிதத்துக்கும் மொழிக்கும் செலவிட்ட நேரமே. நம்பாதவர்களுக்குக் கொப்பிகளைக் காட்டுகிறேன்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு வகுப்பு தானே ஒரு பதில் செய்துகொண்டது. பாடசாலைப் பொங்கல் நாளில் கோலத்தின் ஓரத்தில் கரும்புக்கும் மஞ்சளுக்கும் அருகே ஒரு சிறு கூடையில் அன்று காலை பறித்த கொழுந்து இருந்தது. நான் வைக்கச் சொல்லவில்லை. விருந்தினராக வந்த ஒருவர் இது என்ன வழக்கம் என்று கேட்டார். அவள் ஏழு நாள் கணக்கிலிருந்து கவ்வாத்து வரை அவருக்கு விளக்கினாள், பொங்கல் ஆறும்வரை.

இதை வாசிக்கும் ஆசிரியர்களின் தோட்டத்தில் காமன் நடும் வழக்கம் இன்னும் இருந்தால், மாசி அமாவாசைக்கு முன்பே பிள்ளைகளின் கொப்பிகளில் பெட்டிகளைக் கீறிவைத்துவிடுங்கள். மூன்றாம் பிறை மெலிந்தது, மேற்கு மலைக்குப் பின்னால் விரைவாக இறங்கிவிடும். எனவே மாலை ஆறரைக்கே வாசலுக்கு வந்து பார்க்கும்படி முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.