கோலத்தைச் சுற்றிப் போகும் துடைப்பம்

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு தோழி ஒருத்தி ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். அட்டை முழுக்கப் பூ. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் 'இன்று நான் நன்றி சொல்லும் மூன்று விஷயங்கள்' என்று அச்சடித்து, கீழே மூன்று கோடு போட்டிருந்தது. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். முதல் நாள்: அம்மா, பிள்ளைகள், வேலை. இரண்டாம் நாள்: பிள்ளைகள், வேலை, அம்மா. ஐந்தாம் நாள் முந்தின பக்கத்தைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் அந்த நோட்டில் மளிகைக் கணக்கு ஏறிவிட்டது.

எனக்கு நன்றியுணர்ச்சியே கிடையாது போல என்று கொஞ்ச நாள் சங்கடப்பட்டேன். அப்புறம்தான் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இங்கே சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் போகும்போது தேடிப் படித்தேன். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழு நன்றியோடு நினைப்பதை எழுத வேண்டும், இன்னொன்று எரிச்சல் மூட்டியதை, மூன்றாவது சும்மா நடந்ததை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், முதல் குழுவுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிடத் திருப்தி கூடுதல், தலைவலி, வயிற்றுவலி என்ற புலம்பலும் குறைவு. நான் கவனித்தது வேறொன்று. அவர்கள் எழுதியது தினமும் அல்ல, வாரத்துக்கு ஒருமுறை. சோன்யா லூபோமிர்ஸ்கி என்ற இன்னொரு ஆய்வாளரும், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் இருந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை என்று கண்டிருக்கிறார். என் நோட்டோ தினம் மூன்று கேட்டது! கடமைக்கு எழுதினால் மனசு அங்கே எப்படி இருக்கும்?

நம் மொழியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு 'தேங்க்ஸ்' சொல்கிற இடத்தில் நன்றி என்கிறோம். பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் நமக்குச் செய்த நல்லது. செய்ந்நன்றி அறிதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதில் வருவது அறிதல், சொல்லுதல் இல்லை. யார் செய்தார், என்ன செய்தார் என்பது முதலில் கண்ணில் பட வேண்டும். 'குடும்பம், ஆரோக்கியம்' என்று எழுதுவதில் யாரும் எதுவும் செய்யவில்லை.

அதனால் விதியை மாற்றிக்கொண்டேன். வாரத்துக்கு ஒன்று, ஒரு ஆள், அவர் செய்த ஒரு காரியம்.

எங்கள் வீடு அங் மோ கியோ வட்டாரத்தில், ஒன்பதாம் மாடி. காலை ஆறு மணிக்கெல்லாம் நடைபாதையில் துடைப்பச் சத்தம் கேட்கும். சர்ர்... சர்ர்... இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சத்தத்தைப் பற்றி நானே புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். புகார் எழுதுவதில் நம் ஊர்க்காரர்கள் சளைத்தவர்களா என்ன? மரியாதையாக நடந்துகொள்ளச் சொல்லி 1979-ல் இயக்கமே தொடங்கிய ஊர் இது. அதன் சின்னமாக இருந்த சிங்கா சிங்கம், இந்தக் கோபக்கார ஜனங்களோடு முடியவில்லை என்று 2013-ல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. ஞாபகம் இருக்கிறதா?

அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் ஒரு கோலம் போடுவார். ஐந்து புள்ளிதான், செருப்பு அலமாரிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் அதற்குத்தான் இடம். ஒரு வெள்ளிக்கிழமை நான் லீவில் இருந்தேன். கையில் கோப்பியோடு கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றபோது துடைப்பக்காரர் வந்தார். பங்களாதேஷ்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் வாசலுக்கு வந்ததும் சத்தம் நின்றது. துடைப்பத்தைப் பாதியில் பிடித்துக் குனிந்து, கோலத்தின் ஓரமாகவே சின்னச் சின்னதாகப் பெருக்கினார். நடு இதழில் ஒரு காய்ந்த இலை கிடந்தது. பூப் பறிப்பது போல இரண்டு விரலால் அதை எடுத்துப் பையில் போட்டார், மாவு கலையவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனதும் மறுபடி சர்ர்... சர்ர்...

சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கோலம் அப்படியே இருப்பதை எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்திருப்பேன்! யாரும் மிதிக்கவில்லை என்றுதான் நினைத்திருக்கிறேனே தவிர, ஒருத்தர் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது. கூடவே, எழுதிய புகாரை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

கொரோனா சமயத்தில் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல, 2020 மார்ச் 30 ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் வாசலில் நின்று கைதட்டினோம். நானும் கை வலிக்கத் தட்டினேன். அது தப்பில்லை. ஆனால் 'முன்களப் பணியாளர்' என்று மொத்தமாக ஒரு பேர் வைத்துத் தட்டிய எனக்கு, என் வாசலைப் பெருக்குகிறவர் முகம் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். 'இருப்பதற்கு நன்றியோடு இரு' என்று அடுத்தவருக்குச் சொல்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சம்பளம் நேரத்துக்கு வரவில்லை என்று சொன்ன ஒரு தம்பியிடம், 'சிங்கப்பூர் வர வாய்ப்புக் கிடைத்ததே, அதை நினை' என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். அது வாயை அடைக்கிற வேலை. கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்துவிட்டு அப்புறம் நன்றியைப் பற்றிப் பேசட்டும். அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்து 'நல்லவேளை, நமக்கு அப்படி இல்லை' என்று நினைப்பதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

துடைப்பக்காரரிடம் இப்போது பேசுகிறேன். லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் பழகிய கொஞ்சம் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம். அவர் அக்கா கல்யாணத்தில் அரிசி மாவைக் கரைத்து முற்றமெல்லாம் வரைந்தார்களாம், அதற்கு ஆல்போனா என்று பேராம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அடுத்த வாரமே ஏழு புள்ளிக்குப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு முழங்கால் வலி, கோலம் போடவில்லை. துடைப்பக்காரர் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். "ஆன்ட்டி எங்கே? இன்னைக்குப் பூ இல்லே?"

"கால் வலிப்பா, அடுத்த வாரம் போடுறேன்னு சொல்லு," என்று உள்ளே கட்டிலில் இருந்தபடியே அம்மா குரல் கொடுத்தார்.

அவர் தலையாட்டினார். பிறகு பழக்கதோஷத்தில், வெறுந்தரையாகக் கிடந்த அந்த இடத்தையும் சுற்றிக்கொண்டே பெருக்கிப் போனார்.