மாறி காலி, மேக் கப்சிப்

மேக் என்பது நிரல்களை பில்ட் செய்யும், அதாவது மூலநிரலிலிருந்து உருவாக்கித் தரும் கருவி. அதற்கான கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் மாறியின் (ஒரு மதிப்பைக் குறிக்கும் பெயர்) பெயரில் ஓர் எழுத்து தவறினால் பிழைச்செய்தி வரும் என்று நினைப்பீர்கள். வராது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு பில்ட் தன் பாட்டுக்கு ஓடும்.

நேற்று அரை நாள் போனது வேறொன்றில். டாலர் குறிக்குப் பின் அடைப்புக்குறி போட மறந்துவிட்டேன். அப்படி விட்டால் மேக் முதல் எழுத்தை மட்டும்தான் மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். மிச்ச எழுத்துகள் வெறும் உரையாக ஒட்டிக்கொள்ளும். கட்டளைகளை இயக்கும் ஷெல்லில் அடைப்பு இல்லாமலே சரியாக ஓடுகிற அதே எழுத்து, இங்கே வேறு பொருள்! அப்புறம், மேக்ஃபைலுக்குள் எழுதும் கட்டளையில் ஷெல் மாறி வேண்டுமென்றால் டாலரை இரண்டு முறை போட வேண்டும். ஜாவா பில்ட் கருவியான மேவன், தெரியாத மாறியை டாலரும் நெளிவு அடைப்புமாக அப்படியே விட்டுவைக்கும். அதுவாவது பரவாயில்லை, கண்ணில் படும்.

காலி மாறிதான் எனக்குப் பயம். கோப்புறையின் பெயர் மாறியில் இருக்கிறது, அடுத்து ஒரு சாய்கோடு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்று கட்டளை. மாறி காலியானால் மிஞ்சுவது அந்தச் சாய்கோடு மட்டும், அதாவது எல்லாக் கோப்புகளுக்கும் மேலே இருக்கிற வேர்க் கோப்புறை. வரையறுக்காத மாறிகளை எச்சரிக்கும் ஆப்ஷன் மேக்கிலேயே இருக்கிறது. அதை ஏன் நாம் தேடிப் போய்ப் போட வேண்டும்? முதலிலிருந்தே போட்டு வைத்திருக்கக் கூடாதா?