கொல்லி செல்லைக் கூட்டினால் கட்டி கரையுமா?

‘உடம்பில் இயற்கைக் கொல்லி செல்களைக் கூட்டினால் போதும், புற்றுநோய் தானே கரைந்துவிடும்’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. இந்த வெள்ளணுக்கள் புற்றுச் செல்லைக் கொல்வது நிஜம்தான். ஆனால் கட்டி சும்மா இருப்பதில்லை.

அது சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம், கொல்லி செல்லின் மேலிருக்கும் என்கேஜி2டி என்ற உணர்வியைக் குறைத்துவிடுகிறது. அந்த உணர்வி தேடுவது புற்றுச் செல்லின் மேலிருக்கும் மைக்கா போன்ற புரதங்களை. பல கட்டிகள் அவற்றைத் தம் மேற்பரப்பிலிருந்து வெட்டி ரத்தத்தில் மிதக்கவிடுகின்றன, திருடன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடுவதுபோல. போதாக்குறைக்குக் கட்டிக்குள் தேங்கும் லாக்டிக் அமிலம் வேறு கொல்லி செல்களை மந்தமாக்குகிறது. 2017இல் வெளியான எலி ஆய்வில், சில கொல்லி செல்கள் கட்டியை அடக்க முடியாத வேறு வகைச் செல்களாகவே மாறிப்போயிருந்தன.

ஆக, தலைக்கணக்கு மட்டும் உதவாது. அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.