கேஸ் கட்டைக் கொடுங்கள், அப்புறம் பேசலாம்

2023 ஏப்ரலில், தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. நாட்டு மக்களில் 99.9 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இதை எதிர்க்கிறார்கள், நாடாளுமன்றத்திடம் விட்டுவிடுங்கள் என்றது. எந்த ஊரில் யார் வீடு வீடாகப் போய் எண்ணினார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடாது. அந்தத் தீர்மானத்தைப் படித்த வழக்கறிஞர்களில் தன்பாலீர்ப்பாளர்கள் இருந்தார்கள், திருநர்கள் இருந்தார்கள். எல்லாரையும் போல என்ரோல்மெண்ட் கட்டணம் கட்டி கோட்டு போட்டவர்கள். அன்றைக்கு உரக்கக் கண்டித்தது யார் என்று பார்த்தால், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள். முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர் குழுக்கள் சேர்ந்து அறிக்கை விட்டன.

அந்தப் பிள்ளைகள் இப்போது ஒவ்வொருவராகத் தொழிலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பால்புதுமை (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலான) வழக்கறிஞர்களுக்கும் அவர்களோடு நிற்பவர்களுக்கும் தமிழ்நாட்டில் தொழில்முறை அமைப்பு ஒன்று வேண்டும் என்று நான் சொல்வது அவர்களை நினைத்துத்தான்.

"வக்கீல்னா வக்கீல்தானே மேடம், இதுல என்ன தனிச் சங்கம்?" என்று பார் ரூமில் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், வம்புக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் பையில் எத்தனை சங்கத்தின் அடையாள அட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று, படித்த கல்லூரிக்கு ஒன்று, வெளியில் சொல்லிக்கொள்ளாமல் சாதிக்கு ஒன்று. நம் தொழிலே அறிமுகத்தில் ஓடுகிற தொழில். யார் யாரை யாரிடம் அனுப்புகிறார்கள் என்பதில்தான் கேஸும் சோறும் இருக்கிறது. அந்த அறிமுகக் கயிறு அறுந்து நிற்கிறவர்கள் தங்களுக்கென ஒன்றைத் திரித்துக்கொண்டால் மட்டும் அது பிரிவினையாகிவிடுமா?

கயிறு எப்படி அறுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். என் அலுவலகத்தில் இருக்கும் தம்பி ஒருவன் இதற்கு முன் வேறொரு சீனியரிடம் இருந்தான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அங்கே யாரும் அவனை ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. சீனியருக்கு அவன்மேல் பாசம் கூட. அதுதான் சிக்கலே. சாயங்காலம் கட்சிக்காரர்கள் கிளம்பியதும் காபி வரும், பேச்சு கல்யாணத்தில் போய் நிற்கும். சீனியர் வீட்டம்மா ஜாதகம் கேட்பார். கிளார்க் தனக்குத் தெரிந்த பெண் வீட்டைப் பற்றிச் சொல்வார். முதலில் தங்கை கல்யாணம் முடியட்டும் என்றான். தங்கைக்கும் முடிந்துவிட்டது. அப்புறம் என்ன சொல்ல? மெதுவாகச் சாயங்காலங்களில் நழுவ ஆரம்பித்தான். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு சீனியர் காரில் போகாமல் தனியாக ரயில் ஏறினான்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கட்டைப் பிரித்து வைத்து "இந்த சாட்சியை எங்கே மடக்கலாம் சொல்லு" என்று சீனியர் கேட்பது சாயங்காலம்தான். குறுக்கு விசாரணையின் சூட்சுமம் அந்தக் கார் பயணத்தில்தான் கைமாறும். ஒரு வருஷத்தில் அவன் வாய்தா வாங்குகிற ஜூனியராக மட்டும் மிஞ்சினான். சீனியருக்கோ பையனுக்கு ஆர்வம் போய்விட்டது என்று வருத்தம். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, ஆனாலும் ஒரு நல்ல வக்கீல் உருவாகாமல் போகப் பார்த்தான்.

பணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 முதல் 20,000 ரூபாய் தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை பலருக்குக் கிடைத்தது பெட்ரோல் காசு. வீட்டுக்குத் தெரிந்து வெளியே அனுப்பினால் வாடகைக்குக்கூடச் சீனியரைத்தான் பார்க்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவனிடம் போய் "துணிச்சலாக வெளிப்படையாக இரு" என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

துணிச்சலுக்கு என்ன விலை என்பதையும் நாடே பார்த்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன சௌரப் கிர்பாலை நீதிபதியாக்க டெல்லி உயர் நீதிமன்ற கொலீஜியம் (நீதிபதிகளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) 2017இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்ற கொலீஜியம் 2021இல் பரிந்துரைத்தது, 2023 ஜனவரியில் மறுபடி வலியுறுத்தியது. அரசு சொன்ன தடைகள் இரண்டு. அவருடைய துணைவர் சுவிட்சர்லாந்து குடிமகன். அப்புறம், தன்பாலீர்ப்பாளர் உரிமைகளில் அவர் காட்டும் தீவிர ஈடுபாட்டால் பாரபட்சம் வந்துவிடலாமாம். சாதியிலும் மதத்திலும் ஊறிய நீதிபதிகளுக்கு வராத பாரபட்சம்! கிர்பால் யார்? மூத்த வழக்கறிஞர், இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தவரின் மகன். அவருக்கே இந்தக் கதி என்றால், குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படித்து வக்கீல் அலுவலகங்கள் நிறைந்த சென்னை தம்பு செட்டித் தெருவில் வேலை தேடி நிற்கிற பிள்ளை எதை நம்பிப் பேசும்? பரமக்குடியிலிருந்து வந்த சத்யஸ்ரீ ஷர்மிளா சட்டம் படித்து முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்து, 2018இல்தான் தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்தார். நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞர் என்று எல்லாப் பத்திரிகையும் படம் போட்டது. காத்திருந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அதனால்தான் கூட நிற்பவர்கள் இந்த அமைப்புக்கு அவசியம் என்கிறேன். பால்புதுமையினர் மட்டும் சேரலாம் என்றால், சேர்வதே அறிவிப்பாகிவிடும். வெளிப்படையாக இருக்கிற பத்துப் பேர் வருவார்கள், உண்மையில் தேவைப்படுகிற நூறு பேர் வாசலில் நின்று திரும்பிவிடுவார்கள். மனைவி மக்களோடு இருக்கிற, கோயில் கமிட்டியில் இருக்கிற, கொஞ்சம் சலிப்பூட்டுகிற சீனியர்கள் கூட்டமாகச் சேரட்டும். அப்போது பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாது. உறுப்பினர் யார் என்ன என்று யாரும் கேட்கவும் கூடாது, எழுதி வைக்கவும் கூடாது. கூட நிற்பவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி இந்தக் கூட்டத்தில் கரைந்து நிற்பது. மேடை ஏறி "நான் எவ்வளவு முற்போக்கு தெரியுமா" என்று பேசுவது கடைசி உதவி. அதைச் செய்யாவிட்டாலும் பாதகமில்லை.

அமெரிக்காவில் இதற்கு வயதாகிவிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 1980இலேயே இப்படி ஒரு வழக்கறிஞர் சங்கம் வந்தது, தேசிய அளவில் 1988இல். தேசிய சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் 'லாவண்டர் லா' மாநாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே வேலைவாய்ப்புச் சந்தை நடக்கிறது. சட்ட நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்கின்றன. இங்கே பெரிய நிறுவனங்கள் கொஞ்சம், சீனியர் ஒருவர் நடத்துகிற சேம்பர்கள் ஏராளம். ஆக நமக்கு வேண்டியது வேறு மாதிரி: எந்த அலுவலகத்தில் கல்யாணப் பேச்சு எடுக்காமல் வேலை மட்டும் கற்றுத் தருவார்கள் என்று ஒரு ஜூனியர் கேட்டால் சொல்ல ஆள்.

கட்சிக்காரர் பக்கமும் இருக்கிறது. வழக்கறிஞர் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. நல்ல விதியோ கெட்ட விதியோ, அதன் விளைவு, தூத்துக்குடியில் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணின் தோழிக்கு மதுரைக் கிளையில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. ஆட்கொணர்வு மனுவில் ஒரு நாள் தாமதம் என்பது ஒரு நாள் சிறை. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவருடைய தோழியின் மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழியல்ல என்றும் சொன்னது. அருமையான தீர்ப்பு. அந்தத் தோழி உயர் நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தார். வந்து சேராதவர்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலேயே "பெத்தவங்களோட போம்மா" என்று அனுப்பப்படுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகத் தயாரான ஒரு வக்கீல், மாவட்டத்துக்கு ஒருவர், அவருடைய எண் வாய்வழியாகப் பரவினால் போதும்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல், தன்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்பு கேட்டு வந்த சுஷ்மா வழக்கை முடிவு செய்யும் முன், தனக்கு இதில் தெளிவு போதாது என்று சொல்லி உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். எத்தனை நீதிபதிகள் அப்படிச் செய்வார்கள்? மற்றவர்களுக்குத் தினசரி பாடம், எதிரே நின்று வாதாடுகிற வக்கீல்தான். அதற்காகப் பால்புதுமை வக்கீல்கள் உரிமை வழக்குகளை மட்டுமே நடத்த வேண்டும் என்று ஆகிவிடக்கூடாது. இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. திருநங்கை வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் விபத்து இழப்பீடு வழக்கு நடத்தட்டும், செக் பவுன்ஸ் நடத்தட்டும், பாகப்பிரிவினையில் எதிர்த்தரப்பை அலற வைக்கட்டும். மே மாதம் கருத்தரங்குக்குக் கூப்பிட்டு சால்வை போட்டுவிட்டு, ஜூன் மாதம் ஒரு வக்காலத்துகூட அனுப்பாமல் இருக்கிற சீனியர்களை எனக்குத் தெரியும்.

உச்ச நீதிமன்ற வளாகத்தில் ஒன்பது பாலினப் பொதுக் கழிப்பறைகளுக்கு அனுமதி கிடைத்ததன் பின்னால் ஒரு இளம் வழக்கறிஞரின் கடிதமும் இருந்தது. நம் மாவட்ட நீதிமன்றங்களில் பெண்களுக்கே ஒழுங்கான கழிப்பறை கிடையாது. எழுத வேண்டிய கடிதங்கள் நிறைய. தனி ஆள் எழுதினால் முத்திரை விழுவது அந்த ஆள்மேல். அமைப்பு எழுதினால் அந்தப் பயம் இல்லை.

ஒரே ஒரு கவலை. நாலு வக்கீல் சேர்ந்தால் அஞ்சு சங்கம், ஆறு தலைவர். ஆகவே தேர்தல் வேண்டாம், லெட்டர்பேடு வேண்டாம், வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் அலுவலகத்தில் கூடி, யாருக்கு ஜூனியர் வேண்டும், யாருக்கு இடம் வேண்டும், எந்த ஊரில் எந்த கேஸுக்கு ஆள் தேவை என்று மட்டும் பேசிவிட்டுக் கலைந்தால் சரி.

முதல் கூட்டத்துக்கு என் அலுவலகம் தயார். ஜூனியர் ஒருவருக்கு இடமும் இருக்கிறது. சிவில் பக்கம் அதிகம், தட்டச்சு தெரிந்தால் நல்லது, சம்பளம் நீதிமன்றம் சொன்ன தொகைக்குக் குறையாது. இன்பாக்ஸில் எழுதுங்கள். எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று மட்டும் சொன்னால் போதும். வேறு எதையும் நான் கேட்கப் போவதில்லை. உங்கள் அலுவலகத்திலும் இடம் இருந்தால் பின்னூட்டத்தில் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.