சாமிக்குன்னு சொல்லிட்டா என் செம்பருத்தியைப் பறிச்சிடலாமா?

இன்னைக்கும் பறிச்சிட்டாங்க. காம்பவுண்டு ஓரமா செடி வெச்சிருக்கிறவங்களுக்கு யாரு, எப்போன்னு நான் சொல்லத் தேவையில்ல. அதே காலை நடை, அதே கேரி பேக், நுனியில கம்பி வளைச்சுக் கட்டின அதே குச்சி.

ராத்திரி பூரா ஐப்பசி மழை. விடியறப்போ விட்டுடுச்சு, வானம் மட்டும் மூடியே இருக்கு. மேக்ரோ, அதாவது சின்னப் பொருளை ரொம்பப் பக்கத்துல போய்ப் பெருசாப் படம் எடுக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. துளியில வெளிச்சம் பளீர்னு அடிச்சு வெள்ளைத் திட்டு விழாது, இதழோட சிவப்பும் வெளுக்காது. அதோட துளிகூடக் காத்து இல்ல. செம்பருத்தியோட நடுத்தண்டு நுனியில அஞ்சு சிவப்புப் பொட்டு இருக்கும்ல, அதுல ஒண்ணுல ஒரு சொட்டு தொங்கிட்டு இருந்துச்சு. பின்னால மஞ்சள் அரளி. அந்தச் சொட்டே ஒரு லென்ஸாகி, அரளிப்பூ அதுக்குள்ள தலைகீழா முழுசாத் தெரியுது!

ஈரமண்ணுல ட்ரைபாட் கால் இறங்கிக்கிட்டே இருக்கு. மண்டி போட்டு, மூச்சைப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துறேன். ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல, அதாவது பொருளோட நிஜ அளவே கேமரா சென்சார்ல விழற மாதிரி எடுத்தா, ஃபுல் ஃப்ரேம்னு சொல்ற பெரிய சென்சார் கேமராவுல லென்ஸ் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வெச்சாலும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவா விழும். சொட்டோட விளிம்புக்கு ஒரு ஃபோகஸ், உள்ளே தெரியற அரளிக்கு வேற ஃபோகஸ். தனித்தனியா எடுத்துத்தான் சேர்க்கணும். அதுவரைக்கும் பூ அசையக் கூடாது.

அப்போ சுவருக்கு மேல குச்சி வருது. முதல்ல கம்பி. அப்புறம் கம்பியைக் கட்டின சணல். "சார், ஒரு நிமிஷம் சார்"னு சொல்றேன். கம்பி கிளையைத் தேடுது. "சார், படம் எடுத்துட்டு இருக்கேன்!" கம்பி கிளையைப் பிடிச்சிடுச்சு. கிளை வளையுது. எழுந்து கையை நீட்டுறேன். வெடுக்குனு ஒரே இழுப்பு. செடியில இருந்த அத்தனை துளியும் என் தலையிலயும் கேமராவுலயும் கொட்டுச்சு. பூ சுவருக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. மொட்டு ரெண்டும் சேர்ந்து போச்சு.

எட்டிப் பார்த்து, "சாமிக்குத்தான்ப்பா" என்கிறார். கேட்டா நானே பறிச்சுக் கொடுத்திருப்பேனே! அடுத்தவங்க தோட்டத்துல கேட்காம பறிச்சா அதுக்குப் பேரு திருட்டு. எந்தச் சாமி பேரைச் சொன்னாலும் திருட்டுதான்.

"நாளைக்கு வேற பூக்கப் போகுது"ன்னு அடுத்தது. செம்பருத்தி ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும், சாயங்காலம் சுருண்டுடும். நாளைக்கு வேற பூ வரும், சரி. இந்தச் சொட்டு வருமா? இந்த வெளிச்சம் வருமா?

போறப்போ யோசனை வேற: "தண்ணியைத் தெளிச்சு எடுத்துக்கோயேன்." ஸ்ப்ரே அடிச்சா பூ பூரா ஒரே அளவுல பொடிப்பொடியா ஒட்டிக்கும். மழைத்தண்ணி அப்படியா நிக்கும்? நரம்பு வழியா ஓடி, விளிம்புல சேர்ந்து, கனம் தாங்காம தொங்கும். கிளிசரின் கலந்து சொட்டு வைக்கிறவங்களும் இருக்காங்க, காயாம நிக்கும்னு. எனக்கு அது வேண்டாம். மழை வெச்சதை வெச்ச இடத்துல எடுக்கணும், அதுக்குத்தான் வருஷம் பூரா காத்திருந்து இந்தச் செடியை வளர்க்கிறேன்.

இதே மனுஷன் தினமும் அப்பார்ட்மென்ட் குரூப்ல பனித்துளி ரோஜா போட்டு "காலை வணக்கம்" அனுப்புறார். அந்த ரோஜாவையும் யாரோ ஒருத்தர் பறிக்கப்படுறதுக்கு முன்னால எடுத்திருக்கணுமில்லையா!

சொல்ல வந்ததை முடிக்கக்கூட விடல. மேல தொட்டி நிரம்பி அருவியாக் கொட்டுது. யாருங்க மோட்டார் போட்டது? மழை பெய்ஞ்ச நாள்லயுமா? போய் நிறுத்துங்கய்யா!